நகலெடுக்கவும் அச்சிடவும் விடாத கோப்பு: முதலில் எந்தத் தடை என்று பாருங்கள்

கோப்பு சிரமமில்லாமல் திறக்கிறது, எழுத்துகள் கண்முன்னே தெளிவாக இருக்கின்றன, ஆனால் ஒரு பத்தியை நகலெடுக்கப் போனால் அதற்கான கட்டளை மங்கிக் கிடக்கிறது; அச்சுப் பொத்தானும் அழுந்த மறுக்கிறது. இந்த நிலையில் பலரும் தேடுபொறியில் முதலாவதாக வரும் ‘பூட்டு நீக்கும்’ தளத்தில் கோப்பை ஏற்றிவிடுகிறார்கள். அதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலவே தோன்றும் தடைகள் உள்ளே பல விதமானவை. ஒன்றுக்குப் பலிக்கும் வழி இன்னொன்றில் கோப்பைக் கெடுத்துவிடும், வேறொன்றில் சட்டச் சிக்கலில் கொண்டுபோய் நிறுத்தும். ஆகவே எந்தத் தடை என்று அறிவதுதான் இந்த வேலையில் பாதி.

இங்கே சொல்லப்படும் வழிகள் நீங்களே உருவாக்கிக் கடவுச்சொல்லைத் தொலைத்துவிட்ட கோப்புகளுக்கும், உங்களுக்கென்றே தயாரித்துத் தரப்பட்ட ஆவணங்களுக்கும், உரிமையாளர் வாய்மொழியாகச் சம்மதித்தும் கோப்பில் தடையை எடுக்க மறந்துவிட்டவற்றுக்கும் உரியவை. தடையை நீக்குவதால் பதிப்புரிமை நீங்கிவிடாது. எடுத்த பகுதியை என்ன செய்கிறீர்கள் என்பது தனிக் கேள்வி.

பிடிஎஃப் கோப்பின் இரண்டு கடவுச்சொற்கள்

பிடிஎஃப் வடிவத்தை அடோபி நிறுவனம் 1993-இல் வெளியிட்டது. 2008-இல் அது ஐஎஸ்ஓ தரமாயிற்று. இதில் கடவுச்சொல் இரண்டு வகைப்படும். ஒன்று, கோப்பைத் திறப்பதற்கானது. மற்றொன்று, அச்சிடுதல், நகலெடுத்தல், திருத்துதல் ஆகியவற்றுக்கான அனுமதிகளை மாற்றுவதற்கானது. இதை உரிமையாளர் கடவுச்சொல் என்பார்கள். திறக்கும்போதே கடவுச்சொல் கேட்டு நிற்கும் கோப்பு உண்மையாகவே பூட்டப்பட்டது. 2008-இல் வந்த அக்ரோபாட் 9 (அடோபியின் பிடிஎஃப் மென்பொருள்) முதல் இதற்கு 256 பிட் ஏஇஎஸ் குறியாக்கம், அதாவது திறவுகோல் இல்லாமல் படிக்க முடியாதபடி உள்ளடக்கத்தை மாற்றிவைக்கும் முறை, கிடைக்கிறது. கடவுச்சொல் நீளமாகவும் ஊகிக்க முடியாததாகவும் இருந்தால், அது தெரியாமல் உள்ளே போக வழியே இல்லை. அப்படி வழியிருப்பதாகச் சொல்லும் விளம்பரங்கள் கடவுச்சொல்லை ஒவ்வொன்றாக ஊகித்துப் பார்க்கும் மென்பொருள்களையே விற்கின்றன.

கேட்காமலே திறந்துகொண்டு, நகலெடுக்க மட்டும் விடாத கோப்பின் கதை வேறு. அதுவும் குறியாக்கம் செய்யப்பட்டதுதான். ஆனால் திறக்கும் கடவுச்சொல் வெறுமையாக விடப்பட்டிருக்கிறது. அந்த வெறுமையைக் கொண்டே மென்பொருள் திறவுகோலைக் கணக்கிட்டு உள்ளடக்கம் முழுவதையும் விடுவித்துவிடுகிறது. திரையில் எழுத்து தெரிகிறது என்றாலே குறியாக்கம் அவிழ்ந்துவிட்டது என்று பொருள். அதற்குப் பிறகு எஞ்சியிருப்பது ‘அச்சிட விடாதே, நகலெடுக்க விடாதே’ என்ற ஒரு குறிப்பு மட்டுமே; அதைப் படிக்கும் மென்பொருள் மதித்தால் உண்டு, மதிக்காவிட்டால் இல்லை. பிடிஎஃப் தரமே இதை ஒப்புக்கொண்டு, அனுமதிகளை மதிப்பது படிப்பு மென்பொருளை எழுதுபவரின் பொறுப்பு என்று விட்டுவிடுகிறது. ‘உள்ளே வராதீர்’ என்று பலகை மட்டும் தொங்கும் திறந்த கதவு இது.

அந்தக் குறிப்பு கோப்புக்குள் ஒற்றை எண்ணாக இருக்கிறது. 32 பிட் (0 அல்லது 1 என்ற இலக்கம்) கொண்ட முழு எண். அதில் ஒவ்வொரு பிட்டும் ஓர் அனுமதி. மூன்றாவது பிட் அச்சுக்கு, ஐந்தாவது நகலுக்கு, பன்னிரண்டாவது உயர்தர அச்சுக்கு. எல்லா அனுமதிகளும் இருந்தால் எண் -4 என்று இருக்கும். நகலெடுத்தலை மட்டும் தடுத்தால் -20, அச்சை மட்டும் தடுத்தால் -8, இரண்டையும் தடுத்தால் -24. இந்த எண்ணை மட்டும் கோப்பைத் திறந்து மாற்றிவிட்டால் போதாதா என்று தோன்றும். போதாது. திறவுகோலைக் கணக்கிடும்போதோ சரிபார்க்கும்போதோ இந்த எண்ணும் சேர்க்கப்படுகிறது. எண்ணை மட்டும் தொட்டால் கணக்கு பிசகிக் கோப்பே திறக்காமல் போகலாம். குறியாக்கத்தையே களைந்து கோப்பைப் புதிதாக எழுதுவதுதான் சரியான முறை.

பத்தாவது பிட்டையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பு மென்பொருள் உரையை எடுத்துப் படிப்பதற்கான அனுமதி அது. அதை மூடிவைப்பது எவருக்கும் பயன் தராத செயல் என்பது என் எண்ணம், பிடிஎஃப் 2.0 தரமும் அந்தத் தடையைக் கைவிட்டுவிட்டது.

குறியாக்கத்தைக் களைதல்

படிப்பு மென்பொருளில் ஆவணப் பண்புகள் பகுதிக்குப் போய்ப் பாதுகாப்பு என்ற தாவலைத் திறந்தால், அச்சு, நகல், திருத்தம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் நேராக அனுமதி உண்டா இல்லையா என்று எழுதியிருக்கும். உரிமையாளர் கடவுச்சொல் தெரிந்தால் அதே இடத்தில், திருத்தும் வசதியுள்ள மென்பொருளில், ‘பாதுகாப்பு இல்லை’ என்று மாற்றிச் சேமித்துவிடலாம். கடவுச்சொல் உங்களுடையதாகவே இருந்து மறந்துபோனால் கியூபிடிஎஃப் (qpdf) என்ற கட்டற்ற கருவியைப் பயன்படுத்தலாம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இது ஓடுகிறது. கட்டளைச் சாளரத்தில் இயங்குவதால் சற்று மிரட்டலாகத் தோன்றினாலும் தட்ட வேண்டியது ஒரே வரிதான். முதலில் கருவியின் பெயர், ஓர் இடைவெளி, இரண்டு சிறுகோடுகளை ஒட்டி ‘டிகிரிப்ட்’ (decrypt) என்ற ஆங்கிலச் சொல், மறுபடி இடைவெளி, மூலக் கோப்பின் பெயர், இடைவெளி, புதிதாக உண்டாக வேண்டிய கோப்பின் பெயர். இரண்டு பெயர்களும் வெவ்வேறாக இருக்கட்டும். மூலத்தைத் தொடாமல் வைப்பதே நல்லது. கோப்பின் பெயரில் இடைவெளி இருந்தால் பெயரை இரட்டை மேற்கோள் குறிக்குள் இடுங்கள். முதன்முறை தவறுபவர்கள் அநேகமாக இங்கேதான் தவறுகிறார்கள்.

இதே கருவியில் ‘ஷோ’ (show), ‘என்கிரிப்ஷன்’ (encryption) என்ற இரு சொற்களை நடுவே ஒரு சிறுகோட்டால் இணைத்து, முன்னால் இரண்டு சிறுகோடுகளோடு தட்டினால், மேலே சொன்ன எதிர்மறை எண்ணும் ஒவ்வோர் அனுமதியின் நிலையும் வரிவரியாக வந்துவிடும். களைவதற்கு முன்பு ஒருமுறை, களைந்த பிறகு ஒருமுறை இதை ஓட்டிப் பார்த்தால் வேலை முடிந்ததா என்பதில் ஐயம் இருக்காது. பிடிஎஃப்டிகே என்ற மற்றொரு கருவியும் பெயர் பெற்றதே. ஆனால் அது உரிமையாளர் கடவுச்சொல்லைக் கேட்டு வாங்காமல் நகராது.

கட்டளை வரியே வேண்டாம் என்பவர்கள் படிப்பு மென்பொருளை மாற்றிப் பார்க்கலாம். லினக்ஸில் பரவலாகப் பயன்படும் ஓகுலரின் அமைப்புகளில், ஆவணத்தின் கட்டுப்பாடுகளுக்குக் கீழ்ப்படிவதா என்று கேட்கும் ஒரு சிறு கட்டம் இருக்கிறது; குறியை எடுத்துவிட்டால் நகலெடுக்கலாம். பயர்பாக்ஸ் உலாவியின் பிடிஎஃப் காட்டிக்கும் இதுபோன்ற ஓர் உள்ளமைப்பு உண்டு. மேக் கணினியின் பிரிவியூ இதற்கு நேர்மாறு; தடை கண்டவுடன் உரிமையாளர் கடவுச்சொல்லைக் கேட்கும்.

அச்சிட அனுமதி இருந்து நகலெடுக்க மட்டும் தடை இருந்தால், உலாவியில் கோப்பைத் திறந்து, அச்சுப் பெட்டியில் அச்சுப்பொறிக்குப் பதிலாகப் ‘பிடிஎஃப் ஆகச் சேமி’ என்பதைத் தேர்வது எளிய வழி. புதிய கோப்பில் பழைய தடை இராது. ஆனால் உள்ளடக்க அட்டவணை, இணைப்புகள், படிவக் கட்டங்கள் யாவும் உதிர்ந்துவிடும். சில சமயம் பக்கங்கள் வெறும் படமாகிவிடுவதும் உண்டு. குறைந்த தரத்தில் மட்டும் அச்சிடலாம் என்று அனுமதித்த கோப்புகளில் இது பெரும்பாலும் நேரும். அந்த அனுமதிக்கு அக்ரோபாட் வைத்திருக்கும் அளவே அங்குலத்துக்கு 150 புள்ளிகள்தான்.

தடை எதுவும் இல்லாமலே அச்சிட மறுக்கும் கோப்புகளும் உண்டு. பண்புகளில் அச்சு அனுமதி இருக்கிறது, ஆனால் அச்சுப்பொறி பாதியில் நின்றுவிடுகிறது அல்லது கட்டம் கட்டமாகத் துப்புகிறது என்றால் குற்றவாளி பெரும்பாலும் உட்பொதிந்த எழுத்துரு. அக்ரோபாட் ரீடரின் அச்சுப் பெட்டியில் மேம்பட்ட அமைப்புகளுக்குள் ‘படமாக அச்சிடு’ என்பதைத் தேர்ந்தால் தீர்ந்துவிடும்.

இணையத்தில் கோப்பை ஏற்றிப் பூட்டு நீக்கும் தளங்களைப் பற்றி ஒரு சொல். அவையும் மேலே சொன்ன அதே வேலையைத்தான் செய்கின்றன. வேறுபாடு, உங்கள் சம்பளப் பட்டியலோ மருத்துவ அறிக்கையோ முன்பின் தெரியாத ஒருவரின் கணினிக்குப் போய்வருகிறது என்பதே. கணினியில் ஒரே வரியில் முடிகிற வேலைக்கு அவ்வளவு விலை கொடுப்பானேன்?

கையொப்பமிட்ட கோப்பைத் தொடாதீர்கள்

ஒருமுறை எனக்கு வந்த ஒப்பந்தக் கோப்பில் ஒரு விதியை நகலெடுத்து மின்னஞ்சலில் சேர்க்க வேண்டியிருந்தது. நகல் தடை இருந்தது. வழக்கம்போல் களைந்து, புதிய கோப்பையே அடுக்கில் வைத்துக்கொண்டு, அவசரத்தில் மூலத்தை நீக்கியும் விட்டேன். சில வாரங்கள் கழித்து அந்தக் கோப்பை மறுதரப்புக்கு அனுப்பியபோதுதான், டிஜிட்டல் கையொப்பம் செல்லாது என்று பதில் வந்தது. கையொப்பம் என்பது கோப்பின் ஒவ்வொரு பைட்டையும் சேர்த்துக் கணக்கிடப்படுவது. குறியாக்கத்தைக் களைந்து கோப்பைத் திரும்ப எழுதினால், கண்ணுக்கு ஓர் எழுத்தும் மாறாவிட்டாலும் கணக்கு மாறிவிடும். மறுபடி கையொப்பம் கேட்டுக் கூச்சத்தோடு கடிதம் எழுதினேன். கையொப்பமுள்ள கோப்பில் உரை மட்டும் வேண்டுமானால் நகல் ஒன்றில் குறியாக்கத்தைக் களைந்து உரையை எடுத்துக்கொண்டு அந்த நகலை நீக்கிவிடுங்கள். ஆவணமாக நிற்க வேண்டியது மூலம் மட்டுமே.

நகலெடுத்தும் தமிழ் வராதபோது

இனி வருவது தமிழ்க் கோப்புகளைக் கையாளும் எல்லோரும் ஒருநாள் முட்டிக்கொள்ளும் இடம். தடை நீங்கியது, பத்தி நகலாயிற்று, ஒட்டிப் பார்த்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குப்பை. இதைப் பாதுகாப்புத் தடை என்று நினைத்து மேலும் மேலும் பூட்டு நீக்கிகளைத் தேடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். இங்கே பூட்டே இல்லை. எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனி எண் தரும் யூனிகோடு பரவுவதற்கு முன் தமிழ் எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளுக்கும் பிற குறிகளுக்கும் உரிய இடங்களில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்திருந்தன. பாமினி, டாம், டாப், டிஸ்கி என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வரிசை. கோப்புக்குள் இருப்பது அந்த எழுத்து அல்லது குறியின் எண்தான். திரையில் மட்டும் எழுத்துரு அதைத் தமிழாகக் காட்டுகிறது. பண்புகளில் எழுத்துருக்கள் என்ற தாவலைப் பார்த்தால் எழுத்துருவின் பெயர் தெரியும். அதைக் கொண்டு, அந்த எழுத்துருவின் வரிசையை யூனிகோடாக மாற்றும் கருவியைத் தேர்ந்து, ஒட்டிய குப்பையை அதில் இட்டால் நல்ல தமிழாகத் திரும்பி வரும்.

யூனிகோடு எழுத்துருவில் அமைந்த கோப்பிலும் வேறொரு வினோதம் நேரும். ‘கொடு’ என்று திரையில் இருப்பது ஒட்டும்போது ‘ெகாடு’ என்று விழும். காரணம், யூனிகோடில் மெய் முதலிலும் உயிர்க்குறி பின்னாலும் சேமிக்கப்படுகின்றன. பிடிஎஃப் கோப்போ தாளில் இடமிருந்து வலமாக எது முதலில் வரையப்படுகிறதோ அதையே முதலில் வைக்கிறது. ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரச் சுழி மூன்றும் மெய்க்கு முன்னால் வரையப்படுவதால் இந்த மூன்று மட்டும் இடம் மாறிவிடுகின்றன. நாலைந்து வரி என்றால் கையால் திருத்தலாம். நூறு பக்கம் என்றால் தேடி மாற்றும் வசதியில், ‘ஒரு கொம்பு, அதையடுத்து ஒரு மெய்’ என்ற அமைப்பைக் கண்டால் இரண்டையும் இடம் மாற்று என்று சுருங்குறித்தொடர் (எழுத்து அமைப்புகளைத் தேட உதவும் சூத்திரம்) ஒன்று எழுதிக்கொள்ள வேண்டும். ஆனால் சில எழுத்துகள் சரியாகவும் சில தவறாகவும் வரும் கலப்படக் கோப்புகளில் இந்த முறை, சரியாக இருந்த சொற்களையும் சேர்த்துக் கெடுத்துவிடும். அங்கே, படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுக்கும் எழுத்துணரிதான் கதி.

எழுத்துணரி

சுட்டியால் ஒரு வரியைத் தேர்ந்தெடுக்கப் பார்க்கும்போது பக்கம் முழுவதும் ஒரே படமாக நீலம் பூத்தால், அது வருடியால் (ஸ்கேனரால்) எடுத்த பக்கம். எழுத்துருக்கள் தாவலும் வெறுமையாக இருக்கும். அதில் நகலெடுக்க எழுத்தே இல்லை, ஆகவே எந்தப் பூட்டைக் களைந்தும் பயனில்லை. படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுக்கும் மென்பொருளே வேண்டும். கட்டற்றவற்றில் டெசராக்ட் முதன்மையானது. 1980-களில் ஹெச்பி நிறுவனத்தில் தொடங்கி, 2005-இல் திறமூலமாக்கப்பட்டு, பின்னர் கூகுளின் ஆதரவில் வளர்ந்தது. தமிழுக்கான தரவுக் கோப்பைத் தனியாக நிறுவ வேண்டும். நிறுவல் வேலையே ஆகாது என்பவர்கள், கமுக்கம் தேவைப்படாத கோப்பை கூகுள் டிரைவில் ஏற்றி, டாக்ஸில் திற என்று கொடுத்தாலும் உரை கிடைக்கும்.

எந்தக் கருவியானாலும் கொடுக்கும் படம் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் அளவில், சாய்வில்லாமல் இருக்கட்டும். திரைப்பிடிப்பை எடுத்துக் கொடுப்பதாக இருந்தால் பக்கத்தை இரண்டு மூன்று மடங்கு பெரிதாக்கிவிட்டுப் பிடியுங்கள். அப்படியும் பிழை வரும், அதுவும் வழக்கமான இடங்களில் வரும்: துணைக்கால் ரகரமாகும், ‘கால்’ என்பது ‘கரல்’ ஆகும், றன்னகரமும் டண்ணகரமும் இடம் மாறும், மங்கிய அச்சில் மெய்யின் புள்ளி காணாமல் போகும். எண்களை மட்டும் மூலத்தோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். சொல்லில் பிழை இருந்தால் படிப்பவருக்கே உறுத்தும். எண்ணில் 3 என்பது 8 ஆனால் யாருக்கும் தெரியாது.

வேர்ட், எக்செல், இணையப் பக்கம்

வேர்ட் கோப்பில் திருத்தத் தடை மட்டும் இருந்தால், புதிய வெற்று ஆவணத்தைத் திறந்து, செருகு பட்டியலில் ‘கோப்பிலிருந்து உரை’ என்ற கட்டளையால் பழையதை உள்ளே இழுத்தால் போதும். எக்செலில் பாதுகாக்கப்பட்ட தாளின் கட்டங்களைத் தேர்ந்தெடுக்க முடிகிறது என்றால் முழுத் தாளையும் நகலெடுத்துப் புதிய கோப்பில் ஒட்டலாம். மறைக்கப்பட்ட சூத்திரங்கள் மட்டும் வராது, விடைகள் வரும். அவையும் வேண்டுமென்றால் இன்னொரு வழி: 2007-க்குப் பிந்தைய எக்செல் கோப்பு உண்மையில் ஒரு ஜிப் பொதி. நகல் ஒன்று எடுத்துப் பெயரின் பின்னொட்டை ஜிப் என்று மாற்றித் திறந்து, தாள்கள் இருக்கும் அடைவில் உரிய எக்ஸ்எம்எல் கோப்பில் ‘ஷீட்புரொடெக்‌ஷன்’ (sheetProtection) என்று தொடங்கும் ஒற்றைக் குறியை மட்டும் அழித்து, மீண்டும் பொதிந்து பழைய பின்னொட்டைச் சூட்டினால் தாள் விடுபடும். திறக்கும்போதே கடவுச்சொல் கேட்கும் அலுவலகக் கோப்புகளுக்கு இது பொருந்தாது. அவை முழுமையாகக் குறியாக்கம் செய்யப்பட்டவை.

இணையப் பக்கத்தில் வலச் சொடுக்கும் தேர்வும் மறுக்கப்பட்டால் உலாவியின் வாசிப்பு முறைக்கு மாறுங்கள்; பெரும்பாலான பக்கங்களில் அதுவே போதும். அச்சிட்டால் வெற்றுத் தாள் வருவதும் அச்சுக்கென்று தனியாக எழுதிய மறைப்பு விதியால்தான், வாசிப்பு முறையிலிருந்து அச்சிட்டால் சரியாகும். கூகுள் டாக்ஸில் உரிமையாளர் பதிவிறக்கம், அச்சு, நகல் மூன்றையும் பார்வையாளர்களுக்கு நிறுத்தி வைத்திருந்தால் அதற்கு அவரிடம் அனுமதி கேட்பதே குறுக்குவழி.

உண்மையான பூட்டு

கடையில் வாங்கிய மின்னூல், நூலகத்திலிருந்து குறித்த நாளுக்கு இரவல் வந்த மின்னூல் ஆகியவை மேலே சொன்ன எதிலும் அடங்கா. அவற்றின் திறவுகோல் உங்கள் கணக்கோடும் கருவியோடும் பிணைக்கப்பட்டிருக்கிறது. அதை உடைப்பதைப் பல நாடுகளின் சட்டம் தனிக் குற்றமாகவே வைத்திருக்கிறது. அமெரிக்காவில் 1998-இல் வந்த சட்டத்தின் கீழ், அடோபி மின்னூல் பூட்டை நீக்கும் மென்பொருளை எழுதிய ரஷ்ய நிரலர் திமித்ரி ஸ்க்ல்யாரவ், 2001 ஜூலையில் லாஸ் வேகஸில் ஒரு கருத்தரங்கில் பேசிய கையோடு கைது செய்யப்பட்டார். அவர் பணியாற்றிய எல்காம்சாஃப்ட் நிறுவனத்தை 2002 டிசம்பரில் நடுவர் குழு விடுவித்தது. ஆனால் அதற்குள் ஒன்றரை ஆண்டு போயிருந்தது. ஆகவே இந்த வகைப் பூட்டுக்கு நான் வழி சொல்லப்போவதில்லை.

சட்டப்படியான வழிகள் இருக்கின்றன. பல மின்னூல் செயலிகள் குறிப்பிட்ட அளவு வரை நகலெடுக்கவோ அச்சிடவோ விடுகின்றன. அந்த அளவை நூலின் விவரப் பக்கத்தில் பாருங்கள். மேற்கோளுக்கு நாலு வரி என்றால் பார்த்துத் தட்டிக்கொள்வது பத்து நிமிட வேலை. பார்வைக் குறைபாட்டால் அச்சு நூலைப் படிக்க இயலாதவர்களுக்கு, 2013-இல் மராக்கேஷில் நிறைவேறி 2016 முதல் நடைமுறையிலிருக்கும் உடன்படிக்கையின்படி, அங்கீகரிக்கப்பட்ட அமைப்புகள் படிக்கத்தக்க வடிவில் நூல்களை ஆக்கித் தரலாம். மற்றவர்கள் பதிப்பாளருக்கு எழுதிக் கேட்கலாம். கேட்கும்போது நூலின் பெயர், பக்க எண்கள், எத்தனை படிகள், எதற்காக என்ற நான்கையும் முதல் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். இவை இல்லாத கடிதத்துக்கு வரும் பதில் இவற்றைக் கேட்டுத்தான் இருக்கும், அதற்குள் ஒரு வாரம் போய்விடும்.